எங்கள் வீட்டுப் பட்டியல்

வருஷம் முடிந்து புதுக் காலண்டரை ஆணியில் மாட்டும் சமயம் வந்தால் போதும், பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வியாதி பிடித்துக்கொள்ளும். 'ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள்', 'ஆண்டின் சிறந்த பத்துப் புத்தகங்கள்' என்று பட்டியல் போடும் வியாதி! அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. இந்தப் பட்டியல்களைத் தயாரிக்கிறவர்கள் வீட்டில் குழந்தை குட்டிகளே கிடையாதோ? வருஷத்துக்கு நூறு படம், ஐம்பது புத்தகம், மார்கழியில் முப்பது கச்சேரி! சனிக்கிழமை காலையில் சின்னவனுக்கு ஜுரம் வராதா? திங்கட்கிழமை பெரியவளுக்குக் கணக்குப் பரீட்சை இருக்காதா? குடும்பத்தோடு கொட்டகைக்குப் போனால், டிக்கெட்டைவிடச் சோளப்பொரிக்கு அதிகமாக ஆகிறதே, அந்தப் பணத்தை இவர்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?

ஆகவே, நேயர்களே, இது விமர்சகரின் பட்டியல் அல்ல. ஒரு தாயாரின் பட்டியல். 2024-ஆம் வருஷத்தில் எங்கள் குடும்பம் பார்த்தது கொஞ்சம், படித்தது அதைவிடக் கொஞ்சம். அவற்றில் எனக்குப் பிடித்தவை எவை என்று சொல்லப்போகிறேன். நான் வைத்திருக்கும் பரீட்சை ரொம்பச் சுலபம். மறுநாள் காலையில், ஒரு பக்கம் குக்கர் கத்த, மறு பக்கம் சின்னவன் ஒற்றைக் காலுறையைத் தேட, அந்த அமளிக்கு நடுவிலும் எதைப் பற்றி வீட்டில் பேச்சு நடந்ததோ, அது தேறியது. பேச்சு நடக்காவிட்டால், அதற்கு எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் சரி, எங்கள் வீட்டில் தேறவில்லை.

பேச்சுக்கு ஏன் இவ்வளவு பிரமாதம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். 2024 மே மாதம் மூட்டை கட்டிக்கொண்டு தாம்பரத்துக்கு அப்பால் குடிபோனோம். கணவர், நான், பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், என் மாமியார். சின்னவனுக்கு இரண்டே நாளில் பத்துச் சிநேகிதர்கள் கிடைத்துவிட்டார்கள். மாமியாருக்கு ஒரு பிள்ளையார் கோயில் கிடைத்தது. மகளுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த இரண்டு தோழிகள் மாம்பலத்திலேயே நின்றுவிட்டார்கள். ஜூன் மாதம் புதுப் பள்ளிக்கூடம் திறந்தது. பெண் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்லை." சாப்பாட்டு டப்பா தினமும் பாதி நிறைந்தபடியே திரும்பி வந்தது. வீட்டில் பெண் குழந்தை உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தைய மாதங்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் கண்காட்சி. அதைப் பற்றிப் பிறகு. பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தைத் தமிழ்நாடே பார்த்தது, நாங்களும் பார்த்தோம். கொடைக்கானல் குணா குகையில் விழுந்த நண்பனை மற்றவர்கள் மீட்ட கதை. 2006-இல் நிஜமாக நடந்தது. 1991-இல் வந்த 'குணா' படத்துப் பாட்டு முப்பத்து மூன்று வருஷம் கழித்து அந்தக் குகைக்குள்ளிருந்து கிளம்பியபோது கொட்டகையே எழுந்து நின்றது. மாமியார் மட்டும், "நாலு பேரு சொல்லியும் கேக்காம கம்பியைத் தாண்டிப் போனானுங்களே, அதுக்கு எவன் ரெண்டு வெச்சான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஜூனுக்கு வருவோம்.

'இன்சைட் அவுட் 2' என்பது அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியார் எடுத்த கார்ட்டூன் படம். 2024 ஜூன் 14-ந் தேதி வெளியாயிற்று. அந்த வருஷத்தில் உலகத்திலேயே அதிகம் வசூலான கார்ட்டூன் படம் என்பது பிற்பாடு தெரிந்தது. நாங்கள் போனது வேறு காரணத்துக்காக: சின்னவனுடைய தொந்தரவு! மகள், "நான் வரலை" என்றாள். தனியாக விட்டுப் போக முடியாதென்று அழைத்துப் போனோம்.

2015-இல் வந்த முதல் பாகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ரைலி என்ற சிறுமியின் மூளைக்குள்ளே ஒரு கட்டுப்பாட்டு அறை. அதில் சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர் உட்கார்ந்து அவளை நடத்துகிறார்கள். இரண்டாம் பாகத்தில் ரைலிக்கு வயது 13. ஒரு நாள் ராத்திரி அந்த அறைக்குள் கடப்பாரையும் சம்மட்டியுமாக ஆட்கள் புகுந்து எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள். புது ஆட்கள் வரப்போகிறார்களாம்! கவலை, பொறாமை, சலிப்பு, சங்கோஜம் என்று நாலு பேர் வந்து சேருகிறார்கள். கவலைதான் அவர்களுக்குத் தலைவி. ஆரஞ்சு நிறம், பறக்கும் தலைமயிர், கைநிறையப் பெட்டி படுக்கை. கெட்டவள் அல்ல, பாவம்! நாளைக்கு என்ன ஆகுமோ, நாளைக்கு மறுநாள் என்ன ஆகுமோ என்று விடிய விடியக் கணக்குப் போட்டு, 'இந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமே!' என்ற துடிப்பிலேயே அவளை மூச்சு முட்ட வைத்துவிடுகிறாள். நடுவே 'பழைய நினைவு' என்று ஒரு பாட்டி எட்டிப் பார்க்கிறாள். "உனக்கு இன்னும் காலம் இருக்கிறது" என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கொட்டகையில் பெரியவர்கள் எல்லோரும் சிரித்தோம். குழந்தைகள், இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

கதையில் ரைலியின் இரண்டு தோழிகள் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகப்போகிறார்கள் என்ற செய்தி வருகிறது. அது எனக்கு முன்கூட்டித் தெரியாது. இருட்டில் மகளின் முகத்தைப் பார்க்க முயன்றேன். தெரியவில்லை. ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு ரைலி தனியே உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொள்ளும் கட்டத்தில், என் முழங்கையை ஒரு கை வந்து பற்றியது.

அன்றிரவு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அந்த ஆரஞ்சுப் பொண்ணு எனக்கும் வரா."

"எப்போ வரா?"

"காலையில பஸ்ல. அப்புறம் மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்போது. யார்கிட்ட போய் உக்கார்றதுன்னு தெரியாது, அப்போ."

தோசை தீய்ந்துபோயிற்று. போகட்டும். சாப்பாட்டு டப்பா ஏன் திரும்பி வந்தது என்பது மூன்று வாரத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்தது. 'கவலையா இருக்கு' என்று ஒரு குழந்தையால் சொல்ல முடியாது. அந்தச் சொல் அதற்குப் பெரிய சொல். 'ஆரஞ்சுப் பொண்ணு வந்தா' என்று சொல்ல முடிகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இது ஒரு சங்கேதமே ஆகிவிட்டது. "இன்னிக்கு ஆரஞ்சு எப்படி?" என்று நான் கேட்பேன். "பஸ்ல மட்டும்" என்பாள். அல்லது, "இன்னிக்கு லீவு" என்பாள். ஆண்டின் சிறந்த படம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்லுவேன். இதைவிட நல்ல படங்கள் வந்திருக்கலாம். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஆகஸ்டு 23-ந் தேதி ஒரே நாளில் இரண்டு தமிழ்ப் படங்கள் வெளியாயின. இரண்டும் சாமானியமானவை அல்ல. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. தம் இளம்பிராயத்தையே அவர் கதையாக்கியிருக்கிறார். படிப்பில் கெட்டிக்காரனான சிறுவன் சிவனைந்தன், குடும்பக் கடனுக்காகப் பள்ளி விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகிறான். கழுத்து வலி, கால் முள், போகாமலிருக்க ஆயிரம் சாக்கு. சிநேகிதனோடு ரஜினியா கமலா என்று ஓயாத சண்டை. கூடவே டீச்சர் மேல் ஒரு கள்ளமற்ற பிரேமை. முக்கால்வாசிப் படம் சிரித்துக்கொண்டே பார்க்கலாம். முடிவை நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் போய்ப் பார்ப்பதுதான் நல்லது. ஆனால் பசித்த குழந்தை ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்டால், பத்து வயதுக்கு மேல் என்பேன். சின்னவனுக்கு எட்டுத்தான், ஆனாலும் அவன் அப்பா தைரியமாக அழைத்துப் போய்விட்டார். மறுநாள் காலை அவன் டப்பாவில் வாழைப்பழம் வைத்தபோது, அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா தூக்கிட்டு வந்தது?" என்று கேட்டான். எங்கள் தெருமுனைப் பழக்கடைக்காரரின் பெயரைச் சொன்னேன். "அவருக்கு முன்னாடி?" என்றான். கோயம்பேட்டைச் சொன்னேன். "அதுக்கும் முன்னாடி?" பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது. பிழைத்தேன்!

மற்றொன்று பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கொட்டுக்காளி'. இதைக் கொட்டகையில் நான் தனியாகத்தான் பார்த்தேன். பிறகு வீட்டுத் திரைக்கு வந்தபோது மகளையும் மாமியாரையும் உட்கார வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். பாட்டு கிடையாது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம், காற்று, கோழி கொக்கரிப்பது, இவ்வளவுதான். மீனா என்ற பெண்ணுக்கு வேறு ஜாதிப் பையன் மேல் மனசு போய்விட்டது. அதைப் பேய் பிடித்ததாகத் தீர்மானித்து, முறைமாமன் பாண்டியும் குடும்பத்தாரும் ஒரு சாமியாடியிடம் அவளை அழைத்துப் போகிறார்கள். அந்த ஒரு நாள் பிரயாணம்தான் கதை. சூரி தொண்டையில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கட்டிப்போன குரலில் உறுமிக்கொண்டே வருகிறார். சிரிப்பு நடிகராகவா இவரை இத்தனை நாள் பார்த்தோம் என்று ஆச்சரியமாயிருக்கிறது. மீனாவாக நடித்த அன்னா பென் ஏறக்குறைய வாயையே திறப்பதில்லை. வெறுமனே பார்க்கிறாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை.

நடுவே ஓரிடம். பாதையை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கிறது. மீசை வைத்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பக்கத்தில் போகப் பயந்து நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். மாமியார் 'கொல்'லென்று சிரித்தார். பிறகு படம் முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், "எங்க ஊர்லயும் இப்படி அழைச்சிட்டுப் போவாங்க. திரும்பி வர்றப்போ அதுங்க சிரிச்சு நான் பாத்ததில்லை" என்று மட்டும் சொன்னார்.

மகள் கேட்டாள்: "அம்மா, இத்தனை பேர் கூடப் போறாங்களே, அவகிட்ட ஒருத்தராவது 'உனக்கு என்ன வேணும்?'னு கேட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

"சரி, நான் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

இந்த மாதிரி கேள்விக்கு என்ன பதில் வருமோ என்று எனக்கு உள்ளூர ஒரு நடுக்கம்தான். புதுப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்பாளோ? பழைய வீடு வேண்டும் என்பாளோ? பழைய வீடு இருந்த இடத்தில் அப்போது பள்ளம் தோண்டியிருந்தார்கள்.

"மாசத்துல ஒரு சனிக்கிழமை மாம்பலம் போகணும்" என்றாள். "நீ கூட வரவேண்டாம். ரயில் ஏத்தி விட்டாப் போதும். அவங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்துடுவாங்க."

தாம்பரத்திலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் அரைமணிதான். கணவர் மூன்று நாள் யோசித்தார். தனியாகப் போக வேண்டாம் என்று நான்கு காரணம் சொன்னார். நாலாவது காரணத்தை அவருடைய அம்மாவே தள்ளுபடி செய்துவிட்டார். முதல் தடவை நான் அடுத்த பெட்டியில் ஏறிப் போனேன். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியுமென்று.

அதே அக்டோபரில்தான் இன்னொரு சமாசாரம். 10-ந் தேதி இலக்கியத்துக்கான நோபல் பரிசை தென் கொரியாவின் ஹான் காங்குக்கு அறிவித்தார்கள். இந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி அவர். அவருடைய நாவல் ஒன்று 'மரக்கறி' என்ற பெயரில் தமிழில் கிடைக்கிறது. ஒரு கனவு கண்டு, திடீரென்று மாமிசம் உண்பதை நிறுத்திவிடுகிறாள் ஒரு மனைவி. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். கணவன், தகப்பனார், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அவளை வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். தகப்பனார் பலவந்தமாக வாயில் திணிக்கவும் செய்கிறார். கதையின் மூன்று பாகங்களும் கணவன், அக்காள் புருஷன், அக்காள் என்று மற்றவர்கள் பக்கத்திலிருந்தே நகருகின்றன. அவள் பக்கத்தைச் சொல்ல ஒரு பாகம் கிடையாது. மதுரைப் பக்கத்து மீனாவும் கொரியாவின் இந்தப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடியவர்கள் என்று எனக்குத் தோன்றியது. இந்தப் புத்தகம் குழந்தைகளுக்கு அல்ல. அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். தாய்மார்கள் படிக்கலாம், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம்.

பரிசுச் செய்தி தொலைபேசியில் வந்தபோது ஹான் காங் தம் மகனோடு ராச்சாப்பாட்டை முடித்திருந்தாராம். எப்படிக் கொண்டாடப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, மகனோடு தேநீர் குடித்து அமைதியாகக் கொண்டாடப் போவதாகச் சொன்னாராம். அந்த வருஷத்தில் நான் படித்த பேட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி, மாமியாரின் பட்டியல். அதில் ஒரே படம்: செப்டம்பர் 27-ந் தேதி வந்த 'மெய்யழகன்'. பிரேம்குமார் எழுதி இயக்கியது. 1996-இல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குப் போன அருள்மொழி (அரவிந்த் சாமி), இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே உறவுக்காரப் பையன் ஒருவன் (கார்த்தி) 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறான். இவருக்கோ அவன் பெயர் ஞாபகம் வரவில்லை! கேட்கவும் வெட்கம். ஒரு ராத்திரி முழுவதும் பேசுகிறார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. கல்யாண மேடையில் தங்கை காலை நீட்டி, கொலுசை அண்ணன் கையாலேயே போட்டுவிடச் சொல்லும் கட்டத்தில் எங்கள் வரிசையில் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். ஆண்பிள்ளைகள் உட்பட.

படம் நீளம் என்று பலர் குறைப்பட்டு, வெளியான பிறகு 18 நிமிஷத்தை வெட்டினார்கள். நாங்கள் முதல் வாரத்திலேயே போய்விட்டதால் முழுப்படமும் கிடைத்தது. வெட்டியது எனக்குச் சம்மதமில்லை. காதைக் கிழிக்கும் சத்தத்தோடு மூன்று மணி நேரம் ஓடும் படங்கள் அந்த வருஷம் ஒன்றல்ல, பல வந்தன, பெயர் வேண்டாம். அவற்றைச் சகித்தவர்களுக்கு இரண்டு பேர் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவதுதானா நீளமாகப் போயிற்று?

மாமியார் மன்னார்குடிப் பக்கம். மாமனார் காலமான பிறகு கிராமத்து வீட்டை விற்றாயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அருள்மொழி கடைசி இரவில் காலி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு வந்தவர், மறுநாள் காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார்.

"சாவியைக் குடுக்கிற அன்னிக்குக் காலையில வாசல் தெளிச்சுக் கோலம் போட்டேன். வாங்கினவங்க சிரிச்சாங்க. அம்மியைத் தூக்க முடியலை. குழவியை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருக்கும் கருங்கல் குழவி அதுதான்! மாம்பலத்திலிருந்து கிளம்பும்போது, "இந்தக் கல்லு எதுக்கு?" என்று லாரிக்காரர் கேட்டார். "இருக்கட்டும்" என்று மாமியார் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன.

மகள் மெதுவாக, "அப்பாயி, நான் மாம்பலத்துல நிலைக்கதவுல உயரம் அளந்து பென்சில்ல கோடு போட்டிருந்தேன். ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து. அதை எடுத்துட்டு வர முடியலையே" என்றாள்.

"எத்தனை கோடு?"

"எட்டு."

"அளவு ஞாபகம் இருக்கா?"

இருந்தது! எட்டு அளவும் நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள், அப்பாவுக்குத் தப்பாத பெண். பாட்டியும் பேத்தியுமாகத் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு, புது வீட்டு நிலைக்கதவில் எட்டுக் கோடும் போட்டு, ஒன்பதாவதையும் போட்டார்கள். கணவர் ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "வாடகை வீடு! புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு!" என்று பதறினார். "ஆமாம், அட்வான்ஸுல கழிச்சுக்கட்டும்" என்றார் அவருடைய அம்மா.

கணவர் பாவம், அவருக்கும் ஒரு பிடித்தம் உண்டு: 'லப்பர் பந்து'. ரப்பர் பந்துக் கிரிக்கெட், மாமனார் மருமகன் ரோஷம், நடுவில் விஜயகாந்த் படப் பாட்டு. ரொம்ப நல்ல படம். டிராக்டர் ஓட்டிக்கொண்டு வரும் ஸ்வாசிகாவைப் பார்க்கவே இன்னொரு தடவை போகலாம். அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை பகல் தூக்கம் போயிற்று.

டிசம்பரில் இரண்டு செய்திகள், மூன்று நாள் இடைவெளியில். 12-ந் தேதி சிங்கப்பூரில் சென்னைப் பிள்ளை குகேஷ் சீனாவின் டிங் லிரனை 7½–6½ என்று ஜெயித்து உலகச் செஸ் சாம்பியனானார். வயது 18. பதினான்காவது, கடைசி ஆட்டம். சமனில் முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது டிங் யானையை நகர்த்தியதில் விழுந்தது தப்பு. ஜெயித்த பிள்ளை காய்களை மறுபடி ஒழுங்காக அதனதன் இடத்தில் அடுக்கி வைத்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அது. என் பிள்ளை விளையாடி முடித்த காய்களை எங்கெங்கே பொறுக்குகிறேன் என்று எனக்கல்லவா தெரியும்! மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகக் காது மூக்குத் தொண்டை டாக்டரான தகப்பனார் தொழிலை ஒதுக்கி வைத்தார். நுண்ணுயிரியல் படித்த தாயார் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. மேடையில் தாயார் அதிகம் தெரியவில்லை. ஆனால் இதைப் படிக்கும் நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள்.

15-ந் தேதி தபேலா மேதை ஜாகிர் ஹுசைன் அமெரிக்காவில் காலமானார். வயது 73. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் ஒரே மேடையில் மூன்று கிராமி பரிசுகள் வாங்கியிருந்தார். அதில் ஒன்று 'சக்தி' குழுவின் இசைத்தட்டுக்கு. அந்தக் குழுவில் எழுபதுகளில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். பிற்பாடு அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசித்தார். ஜாகிர் பிறந்து வீட்டுக்கு வந்ததும், வழக்கப்படி காதில் பிரார்த்தனை ஓதவேண்டிய தகப்பனார் அல்லா ரக்கா, தாளச் சொற்கட்டுகளைச் சொன்னாராம். அதுதான் தம் பிரார்த்தனை என்றாராம். இந்தக் கதையை ஜாகிரே பல தடவை சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி வீட்டில் அவர் வாசிப்பை ஒரு மணி நேரம் கேட்டோம். சின்னவன் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தான். நல்ல வேளை, கீழ் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

புத்தகக் கண்காட்சியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? 2024-இல் ஒரு விசேஷம். ஜனவரியில் ஒன்று நடந்தது. அடுத்தது டிசம்பர் 27-ந் தேதியே துவங்கிவிட்டது. ஒரே வருஷத்தில் இரண்டு செலவு! முதலில் வாங்கியது மறந்துபோயிற்று. இரண்டாவதில் கணவர் தம் பங்குக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' வாங்கினார். சாகித்திய அகாதெமிப் பரிசு அறிவித்து பத்து நாள்கூட ஆகவில்லை. கடைக்காரர் அடுக்கிவைக்க வைக்கத் தீர்ந்தது. சின்னவனுக்கு யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்'. அந்த வருஷத்துச் சிறுவர் இலக்கிய அகாதெமிப் பரிசு அதற்குத்தான். ராத்திரி ஒரு கதைதான் என்று ஒப்பந்தம். ஒப்பந்தத்தை அவன் ஒரு நாளும் மதித்ததில்லை. மகள் தன் கைக்காசில் ஒரே மாதிரி மூன்று சின்ன டயரி வாங்கினாள். இரண்டு, மாம்பலத்துக்கு.

இந்தக் கட்டுரையை ஆசிரியரிடம் கொடுக்குமுன் மகளிடம் காட்டினேன். அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளைக் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மனசு வரவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மூக்கின் மேல் விரலை வைத்து, எங்கள் உதவியாசிரியரைவிடக் கண்டிப்பாகப் படித்தாள். இரண்டு எழுத்துப் பிழை திருத்தினாள். 'லப்பர் பந்தை இவ்வளவு சுருக்கமா முடிச்சது அநியாயம்' என்று ஓரத்தில் எழுதினாள். புதுப் பள்ளிக்கூடத்தில் நவம்பர் மாதம் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி ஒரு பாரா இருந்தது, நல்ல சம்பவம்தான். அதை முழுவதும் அடித்துவிட்டாள்.

"ஏம்மா?" என்றேன்.

"அது என்னோடது" என்றாள்.

ஆகவே அது இங்கே இல்லை.